ஹிரோஷிமா நாள், அமைதி நாள், அகிம்சை நாள்: உங்கள் ஊரில் ஓர் அமைதி நிகழ்ச்சி நடத்த முழுமையான வழிகாட்டி

1954 மார்ச் 1ஆம் தேதி பசிபிக் பெருங்கடலின் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. அதன் கதிரியக்கச் சாம்பல், வெகு தொலைவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின் மேல் விழுந்தது. படகில் இருந்த 23 பேரும் நோயில் விழுந்தார்கள், வானொலி இயக்கிய குபோயாமா அந்த செப்டம்பரில் இறந்துபோனார். சந்தைக்கு வந்த மீனில் கதிரியக்கம் இருப்பது தெரிந்து ஊரே கலங்கியபோது, டோக்கியோவின் சுகினாமி பகுதியில் ஒன்றாகக் கூடிப் புத்தகம் வாசித்துவந்த இல்லத்தரசிகள் கையெழுத்துத் தாளோடு வீடு வீடாகப் போக ஆரம்பித்தார்கள். அந்த இயக்கம் நாடு முழுக்கப் பரவி, அடுத்த ஆண்டு ஆகஸ்டுக்குள் 3 கோடிக்கும் மேலான கையெழுத்துகள் சேர்ந்துவிட்டன. அந்த மாதமே ஹிரோஷிமாவில் அணுகுண்டு எதிர்ப்பு உலக மாநாடு முதல்முறையாக நடந்தது. 1956இல் ஹிரோஷிமா, நாகசாகி குண்டுகளிலிருந்து உயிர் பிழைத்தவர்கள் சேர்ந்து நிஹோன் ஹிதான்கியோ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள், 2024இல் அதற்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

"நாலு பேர் கூடி மெழுகுவர்த்தி ஏற்றினால் குண்டு குறைந்துவிடுமா?" என்று உங்களிடம் யாராவது கட்டாயம் கேட்பார்கள். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனால் குறையாது. ஆனால் வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு வேலையைக் கையில் வாங்கிக்கொண்டு போனால் கதை வேறு. சுகினாமி பெண்கள் செய்தது அதுதான். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் 1958 முதல் நடந்ததும் அதுதான்: குழந்தைகளின் விழுந்த பால் பற்களைப் பெற்றோர்கள் லட்சக்கணக்கில் அனுப்பிவைத்தார்கள், அணுச் சோதனைகளிலிருந்து வந்த ஸ்ட்ரான்சியம் 90 என்ற கதிரியக்கப் பொருள் அந்தப் பற்களில் ஏறியிருப்பதை விஞ்ஞானிகள் அளந்து காட்டினார்கள், வளிமண்டலச் சோதனைகளைத் தடை செய்த 1963 ஒப்பந்தத்துக்கு அந்த ஆய்வும் வலு சேர்த்தது. உலகில் 1986 வாக்கில் ஏறத்தாழ 70,000 அணுகுண்டுகள் இருந்தன, இன்று சுமார் 12,000. தலைவர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களால் குறைந்தவைதான், ஆனால் அந்தத் தலைவர்களின் ஜன்னலுக்கு வெளியே மக்கள் நின்றுகொண்டிருந்தார்கள். 1982 ஜூன் 12 அன்று நியூயார்க்கில் மட்டும் சுமார் பத்து லட்சம் பேர்.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: என்ன கேட்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பெரும்பாலான குழுக்கள் இதைக் கடைசியில் யோசிக்கின்றன, அல்லது யோசிப்பதே இல்லை. முதல் கூட்டத்திலேயே "நிகழ்ச்சிக்கு வருபவர் அடுத்த ஒரு வாரத்துக்குள் என்ன செய்ய வேண்டும்?" என்ற கேள்விக்கு ஒரே ஒரு வரியில் பதில் எழுதுங்கள். "அமைதியைப் பற்றிய விழிப்புணர்வு" என்று எழுதினால் அது பதில் இல்லை. செய்து முடித்தோமா இல்லையா என்று சொல்ல முடிகிற காரியமாக இருக்க வேண்டும்.

சில உதாரணங்கள். உங்கள் நகரம் 'மேயர்ஸ் ஃபார் பீஸ்' (அமைதிக்கான மேயர்கள்) அமைப்பில் சேர வேண்டும் என்று கேட்கலாம், ஹிரோஷிமா மேயர் 1982இல் முன்மொழிந்து தொடங்கிய இதில் இன்று 8,000க்கும் மேற்பட்ட நகரங்கள் இருக்கின்றன, உங்கள் நகரம் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் சேரும்படி உங்கள் நாட்டு அரசைக் கேட்கும் தீர்மானத்தை நகர மன்றம் நிறைவேற்ற வேண்டும் என்று கேட்கலாம். 2017இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற, அணு ஆயுத ஒழிப்புக்காக உழைக்கும் 'ஐகேன்' கூட்டமைப்பு இதற்காகவே நகரங்களுக்கு ஒரு வேண்டுகோளை வைத்திருக்கிறது. பாரிஸும் வாஷிங்டனும்கூட அதில் சேர்ந்திருக்கின்றன, அதாவது அணு ஆயுதம் வைத்திருக்கும் நாடுகளின் தலைநகரங்களே. அல்லது உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரை நேரில் சந்தித்து அவர் நிலைப்பாட்டை எழுத்தில் கேட்கலாம். நீங்கள் பணம் போட்டிருக்கும் வங்கி அணு ஆயுதம் தயாரிக்கும் நிறுவனங்களில் முதலீடு செய்கிறதா என்று கடிதம் எழுதிக் கேட்பதும் நல்ல வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம்.

ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மூன்று வைத்தால் மக்கள் எதையும் செய்யமாட்டார்கள்.

படி 2: நாள்

எல்லோரும் ஆகஸ்ட் 6ஐத்தான் நினைப்பார்கள், தவறில்லை. 1945 ஆகஸ்ட் 6 காலை 8:15க்கு ஹிரோஷிமா, ஆகஸ்ட் 9 காலை 11:02க்கு நாகசாகி. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் சுமார் 1,40,000 பேரும் நாகசாகியில் சுமார் 74,000 பேரும் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். ஆனால் உங்கள் ஊரில் ஆகஸ்ட் விடுமுறைக் காலமாகவோ கடும் மழைக் காலமாகவோ இருந்தால் வேறு நல்ல நாட்களும் உண்டு:

ஆகஸ்ட் 29, அணுச் சோதனைகளுக்கு எதிரான சர்வதேச நாள். கஜகஸ்தானின் செமிபலாட்டின்ஸ்க் சோதனைத் தளம் 1991இல் மூடப்பட்ட நாள் அது. 450க்கும் மேற்பட்ட குண்டுகள் வெடித்த அந்த இடத்தை மூட வைத்ததில் கவிஞர் ஓல்ஜாஸ் சுலைமெனோவ் 1989இல் தொடங்கிய மக்கள் இயக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சாதாரண மக்கள் ஜெயித்த கதை வேண்டுமென்றால் இந்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 21, சர்வதேச அமைதி நாள். பள்ளிகளோடு சேர்ந்து செய்ய இதுதான் வசதி.

செப்டம்பர் 26, அணு ஆயுதங்களை முற்றிலும் ஒழிப்பதற்கான சர்வதேச நாள். 1983இல் இதே தேதியில்தான், அமெரிக்க ஏவுகணைகள் வருகின்றன என்று சோவியத் எச்சரிக்கைக் கருவி காட்டியபோது, பணியில் இருந்த ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் அதைப் பிழையான எச்சரிக்கை என்று கணித்து மேலே அப்படியே சொன்னார். மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணை என்று நினைத்திருந்தது. இந்த ஒரு கதையை நன்றாகச் சொன்னாலே அரை மணி நேர நிகழ்ச்சி ஆகிவிடும், இளைஞர்களை இது சட்டென்று பிடித்துக்கொள்கிறது.

அக்டோபர் 2, காந்தி பிறந்த நாள். ஐ.நா. பொதுச்சபை 2007இல் இதைச் சர்வதேச அகிம்சை நாளாக அறிவித்தது. அகிம்சைப் பயிற்சிப் பட்டறை நடத்த நினைத்தால் இது பொருத்தம்.

மார்ச் 1 பிகினி நாள், ஜனவரி 22 அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் 2021இல் நடைமுறைக்கு வந்த நாள். இவை சிறிய கூட்டங்களுக்குப் போதும்.

ஆகஸ்ட் 6 என்றே முடிவு செய்தால் ஒரு யோசனை: காலை 8:15க்கு (உங்கள் ஊர் நேரப்படி) பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியும் மௌன அஞ்சலி, அப்புறம் மாலையில் முழு நிகழ்ச்சி. வேலைக்குப் போகிறவர்கள் காலையில் நின்றுவிட்டுப் போகலாம், குடும்பத்தோடு வருபவர்கள் மாலையில் வரலாம்.

படி 3: குழுவும் இடமும்

ஐந்தாறு பேர் போதும். ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒருவர் பெயர் எழுதியிருக்க வேண்டும்: அனுமதி, மேடையும் ஒலியும், வாசிப்பவர்களைத் தயார் செய்வது, அறிவிப்பும் பத்திரிகைத் தொடர்பும், அன்றைய ஒழுங்கு, அப்புறம் படி 1இல் முடிவு செய்த அந்த ஒற்றை வேண்டுகோள். கடைசி வேலைக்கு உங்களில் மிகவும் பொறுப்பானவரைப் போடுங்கள், மேடைக்கு இல்லை.

ஒரு கட்சியின், ஒரு மதத்தின் நிகழ்ச்சியாகத் தெரிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெவ்வேறு வழிபாட்டுத் தலங்கள், தொழிற்சங்கம், நூலகம், மருத்துவர்கள், ஆசிரியர்கள் என்று கலந்து அழையுங்கள். மருத்துவர் ஒருவர் கட்டாயம் வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது நகரத்து மருத்துவர்கள், செவிலியர்களில் பத்தில் ஒன்பது பேர் இறந்தோ காயப்பட்டோ போனார்கள். ஓர் அணுகுண்டு வெடித்தால் போதுமான மருத்துவ உதவி யாராலும் தர முடியாது என்று செஞ்சிலுவைச் சங்கம் இன்றும் சொல்வது இந்த அனுபவத்தால்தான். இதை ஒரு மருத்துவர் தன் வாயால், தான் வேலை செய்யும் மருத்துவமனையில் எத்தனை தீக்காயப் படுக்கைகள் இருக்கின்றன என்று சேர்த்துச் சொன்னால், எந்த அரசியல் பேச்சும் அதற்கு ஈடாகாது.

இடம் பொதுப் பூங்காவோ நூலக அரங்கோ ஆற்றங்கரையோ எதுவானாலும், சக்கர நாற்காலி வர முடிகிறதா, கழிப்பறை உண்டா, மழை வந்தால் எங்கே ஒதுங்குவது என்பதைப் பாருங்கள். பொது இடத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் யாரிடம் அனுமதி என்பதை இரண்டு மாதம் முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கி, நகலை அன்று கையில் வைத்திருங்கள்.

படி 4: நிகழ்ச்சியில் என்ன நடக்கும்

பேச்சுகளைக் குறையுங்கள். ஒருவர், அல்லது அதிகம் போனால் இருவர், ஆளுக்கு எட்டு நிமிடம். மீதி நேரமெல்லாம் மக்கள் கேட்பதாகவோ செய்வதாகவோ இருக்கட்டும். கீழே உள்ளவற்றில் இரண்டு மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாட்சியம் வாசித்தல். குண்டிலிருந்து உயிர் பிழைத்தவர்களை ஹிபாகுஷா என்பார்கள். அவர்களின் வாக்குமூலங்கள் ஏராளமாகப் பதிவாகியிருக்கின்றன. மூன்று நிமிடத்தில் வாசித்து முடிகிற பகுதிகளாக மூன்று எடுங்கள், வெவ்வேறு வயதினர் வாசிக்கட்டும். நடிக்க வேண்டாம், அழ வேண்டாம், பின்னணி இசை வேண்டவே வேண்டாம். நிதானமாக, தெளிவாக வாசித்தால் போதும், அந்தச் சொற்களே வேலையைச் செய்துவிடும். தமிழில் வாசிப்பதென்றால் மொழிபெயர்ப்பை முன்கூட்டியே இரண்டு பேர் உரக்கப் படித்துப் பார்த்து, நாக்கில் இடறும் இடங்களைத் திருத்திக்கொள்ளுங்கள். யாருடைய வாக்குமூலம், எந்தப் பதிப்பு என்பதை அறிவித்துவிட்டு, தேவையான இடத்தில் அனுமதியும் வாங்குங்கள்.

குண்டுகளின் ஓசை. எனக்குத் தெரிந்து எண்ணிக்கையை மனதில் இறக்க இதைவிட நல்ல வழி இல்லை. 4.5 மில்லிமீட்டர் எஃகு மணிகள் 12,000 எடுத்துக்கொள்ளுங்கள், எடை நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் வரும், ஏறத்தாழ ஒரு லிட்டர் பாத்திரத்தில் அடங்கிவிடும். காலி இரும்பு வாளிக்குப் பக்கத்தில் மைக்கை வையுங்கள். எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, "இது ஹிரோஷிமா" என்று ஒரே ஒரு மணியைப் போடுங்கள். கொஞ்சம் இடைவெளி விட்டு, "இது நாகசாகி", இன்னொன்று. அப்புறம், "இன்று உலகில் இருப்பவை" என்று சொல்லி மீதி அத்தனையையும் மெதுவாக, நிறுத்தாமல் கொட்டுங்கள். அவசரப்படாதீர்கள், அந்த ஓசை நீண்டுகொண்டே போவதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு மணி ஒரு குண்டு என்ற கணக்குதான் இது, இன்றைய குண்டுகளில் பல ஹிரோஷிமா குண்டைவிடப் பல மடங்கு பெரியவை என்பதை முடிந்த பிறகு சொல்லுங்கள். முன்னால் உட்காரும் குழந்தைகளுக்கும், போர் நடந்த இடங்களிலிருந்து வந்தவர்களுக்கும் சத்தமாக இருக்கும் என்று முதலிலேயே எச்சரித்துவிடுங்கள்.

நிழல் வரைதல். ஹிரோஷிமாவில் ஒரு வங்கியின் கல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஒருவரின் நிழல் மட்டும் கல்லில் தங்கிவிட்டது, அந்தக் கல் இன்று அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒருவர் தரையில் படுக்க, இன்னொருவர் சாக்பீஸால் உருவத்தைச் சுற்றி வரைவது அதை நினைவூட்டும் பழைய வழக்கம். தண்ணீரில் கரையும் சாக்பீஸ், தரைக்குச் சொந்தக்காரரின் சம்மதம், இரண்டும் வேண்டும். முதல்நாள் இரவே வரைந்துவிட்டால் காலையில் அந்த வழியாகப் போகும் ஊர்க்காரர்கள் எல்லோரும் பார்ப்பார்கள்.

காகிதக் கொக்கு. சடாக்கோ சசாகிக்குக் குண்டு விழுந்தபோது இரண்டு வயது. பத்து ஆண்டு கழித்து ரத்தப் புற்றுநோய் வந்து, மருத்துவமனையில் காகிதக் கொக்குகள் மடித்தபடி இருந்து, 1955 அக்டோபரில் 12 வயதில் இறந்துபோனாள். அவளுடைய வகுப்புத் தோழர்கள் தொடங்கிய நிதி திரட்டலால்தான் ஹிரோஷிமாவில் குழந்தைகளின் அமைதி நினைவுச்சின்னம் 1958இல் எழுந்தது. இந்த இரண்டாம் பாதியை மறக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் குழந்தைகளும் செய்ய முடியும் என்பதை அதுதான் காட்டுகிறது. ஆயிரம் கொக்கு என்பது ஒரு மாலையில் முடிகிற காரியம் இல்லை. ஒரு மாதம் முன்பே பள்ளிகளுக்கும் நூலகத்துக்கும் காகிதம் கொடுத்துவிடுங்கள், நூலுக்கு 40 என்று 25 சரங்கள் கோத்தால் ஆயிரம் வந்துவிடும். அன்று மேசையில் மடிக்கக் கற்றுக்கொடுக்க மூன்று பேராவது வேண்டும்.

விளக்கு மிதக்கவிடுதல். ஆகஸ்ட் 6 மாலை ஹிரோஷிமாவின் மோட்டோயாசு ஆற்றில் காகித விளக்குகள் மிதக்கும். நீங்கள் செய்தால் திரும்ப எடுக்க முடிகிற நீர்நிலையில் மட்டும் செய்யுங்கள், ஒவ்வொரு விளக்கையும் அன்றிரவே எடுத்துவிட வேண்டும். ஆறு குளம் இல்லையென்றால் பெரிய நீர்த்தொட்டி போதும். வானில் பறக்கவிடும் விளக்குகளும் பலூன்களும் வேண்டாம். தீப்பிடிக்கும், பறவைகளைக் கொல்லும்.

மௌனம். ஒரு நிமிட மௌனத்துக்கு முன் "இப்போது தொடங்குகிறோம், மணி அடித்ததும் முடியும்" என்று சொல்லிவிடுங்கள். எப்போது முடியும் என்று தெரியாத கூட்டம் முப்பது விநாடியில் அசைய ஆரம்பித்துவிடும்.

படி 5: குழந்தைகளும் படங்களும்

ஹிரோஷிமா அருங்காட்சியகத்தின் புகைப்படப் பதாகைகளைக் கண்காட்சியாக வைக்கலாம். ஆனால் தீக்காயப் படங்களைத் திறந்த வெளியில், ஐந்து வயதுக் குழந்தையின் கண் உயரத்தில் மாட்டாதீர்கள். தனி அறையிலோ திரைக்குப் பின்னாலோ வைத்து, என்ன இருக்கிறது என்று வாசலில் எழுதுங்கள். உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. பார்ப்பதா வேண்டாமா என்பதைப் பார்ப்பவர் முடிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

படி 6: எதிர்ப்பவர்கள் வந்தால்

வருவார்கள். வரட்டும். "குண்டு போட்டதால்தான் போர் முடிந்தது", "அணுகுண்டு இருப்பதால்தான் பெரிய போர் வரவில்லை" இந்த இரண்டும் கட்டாயம் கேட்கும். முதல் கேள்விக்கு வரலாற்று ஆய்வாளர்களிடையே இன்றும் விவாதம் இருக்கிறது என்பதை நேர்மையாகச் சொல்லுங்கள், ஜப்பான் ராணுவத்தின் கொடுமைகளில் இறந்த ஆசிய மக்களையும் உங்கள் நிகழ்ச்சி நினைவுகூர வேண்டும், ஹிரோஷிமாவில் குண்டுக்கு இரையானவர்களில் ஆயிரக்கணக்கான கொரியர்களும் இருந்தார்கள். இரண்டாவதுக்குப் பெட்ரோவ் கதையே பதில்: இதுவரை தப்பித்ததில் கொள்கைக்கு எவ்வளவு பங்கு, ஒரு தனிமனிதரின் நிதானத்துக்கு எவ்வளவு பங்கு என்று கேளுங்கள். அதோடு தென்னாப்பிரிக்கா தான் செய்த குண்டுகளைத் தானே கலைத்துவிட்டது என்பதையும், அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் இன்று 70க்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பினர்களாக இருக்கின்றன என்பதையும் சொல்லலாம்.

கத்துபவர்களைச் சமாளிக்க ஒழுங்கு பார்ப்பவர்களுக்கு முன்கூட்டியே பயிற்சி வேண்டும். அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் இனப் பாகுபாட்டுக்கு எதிரான 1960 உள்ளிருப்புப் போராட்டங்களுக்கு முன், ஜேம்ஸ் லாசன் மாணவர்களை மாதக்கணக்கில் பழக்கினார்: பாதிப் பேர் திட்டித் தள்ளுபவர்களாக நடிக்க, மீதிப் பேர் திருப்பி அடிக்காமல், கண்ணைப் பார்த்து நிற்கப் பழகினார்கள். உங்களுக்கு ஒரு மாலை போதும். ஒருவர் கத்திக்கொண்டு வருவார், இன்னொருவர் தனியாகப் போய், கைகள் தெரியும்படி வைத்து, தணிந்த குரலில் "உங்கள் பேச்சைக் கேட்கிறேன், வாங்க அந்தப் பக்கம் போய்ப் பேசலாம்" என்று கூட்டத்திலிருந்து விலக்கி அழைத்துப் போக வேண்டும். ஒருவருக்கு ஒருவர்தான், நாலு பேர் சூழ்ந்துகொள்ளக் கூடாது. இதைத் திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள். நடித்துப் பார்க்காதவர்களால் அந்த நேரத்தில் செய்ய முடியாது. அகிம்சை பற்றிய நிகழ்ச்சி கைகலப்பில் முடிந்தால் நாளைய செய்தி அது மட்டும்தான்.

படி 7: அறிவிப்பு

துண்டறிக்கையில் என்ன, எங்கே, எப்போது, எவ்வளவு நேரம், குழந்தைகள் வரலாமா, இவை போதும். அணுகுண்டுக் காளான் மேகப் படத்தைப் போடாதீர்கள், அது குண்டு போட்ட விமானத்தின் பார்வை, கீழே இருந்தவர்களின் பார்வை இல்லை. ஒரு கொக்கு அல்லது ஒரு முகம் வையுங்கள். பத்திரிகைகளுக்கு மூன்று நாள் முன்பு ஒரு பக்கக் குறிப்பும், அன்று காலையில் ஒரு போன் அழைப்பும். குறிப்பில் இருக்கும் ஒவ்வொரு எண்ணையும் குழுவில் இருவர் தனித்தனியாகச் சரிபார்க்கட்டும், ஏனென்றால் ஒரு எண் தப்பானால் மொத்த நிகழ்ச்சியையும் பொய் என்று சொல்லக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

படி 8: அன்றைய ஒரு மணி நேரம்

முதல் ஐந்து நிமிடம் வரவேற்பு, யார் யார் சேர்ந்து நடத்துகிறோம் என்பது. பின் மௌனம், மணி. அடுத்து வாசிப்புகள் பத்து நிமிடம். மருத்துவர் எட்டு நிமிடம். எஃகு மணிகள். அதற்குப் பிறகு உடனே யாரும் பேசக் கூடாது, அரை நிமிடம் விடுங்கள். அப்புறம் பொறுப்பாளர் வந்து அந்த ஒற்றை வேண்டுகோளை இரண்டு நிமிடத்தில் சொல்லட்டும். இது நடுவில் வர வேண்டும், கடைசியில் வைத்தால் பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள். மீதி அரை மணி நேரம் மேசைகள்: ஒரு மேசையில் கொக்கு, ஒரு மேசையில் மனு, ஒரு மேசையில் நகர மன்ற உறுப்பினர்களுக்கான கடிதத் தாள், பேனா, முகவரி, அஞ்சல் தலை எல்லாம் தயாராக. கடிதத்தை வீட்டில் போய் எழுதச் சொல்லாதீர்கள். அங்கேயே எழுதி, அங்கேயே பெட்டியில் போட்டுவிட்டுப் போகட்டும்.

தொடர்புத் தாளில் பெயர், தொடர்பு எண், இவற்றோடு "நான் செய்யக்கூடியது" என்று ஒரு கட்டம் வையுங்கள். மொழிபெயர்ப்பேன், வண்டி ஓட்டுவேன், பள்ளியில் பேசுவேன் என்று மக்கள் எழுதுவார்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள், சேர்த்த விவரங்களை வேறு எதற்கும் பயன்படுத்த வேண்டாம்.

படி 9: அடுத்த ஏழு நாள்

மூன்றாம் நாளுக்குள் வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு குறுஞ்செய்தி: எத்தனை கடிதங்கள் போயின, எத்தனை கையெழுத்து, அடுத்த சந்திப்பு எப்போது. ஏழாம் நாளுக்குள் நகர மன்ற உறுப்பினரிடம் நேரம் வாங்கி, நான்கைந்து பேர் கையெழுத்துகளோடும் கொக்குச் சரத்தோடும் போய்ப் பாருங்கள், குழுவில் இல்லாத, அன்று முதல்முறை வந்த ஒருவரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். அவர் "யோசிக்கிறேன்" என்றால் எந்தத் தேதிக்குள் பதில் சொல்வார் என்று கேட்டு, அவர் முன்னாலேயே குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு மறுநாள் திரும்பக் கூப்பிட வேண்டியவர் யார் என்பதை வெளியே வந்ததும் முடிவு செய்துவிடுங்கள்.